மூட்டுநோயாளரின் உடற்பயிற்சித் தடைகளை அளக்கும் வினாநிரல்: தமிழ்த் தழுவலின் மொழிச் சிக்கல்கள்
(கைலாசபுரம், திருவரங்கம் வாழ்விடச் சூழல்களை முன்வைத்து)

ஆய்வுச்சுருக்கம்

மூட்டுநோயாளர் உடற்பயிற்சி செய்யாமைக்கான காரணங்களை அறிய மேலைநாடுகளில் பல வினாநிரல்கள் உருவாக்கப்பட்டுள்ளன. அவற்றைப் பிறிதொரு மொழியில் பயன்படுத்துவதற்குச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கும் மொழிபெயர்ப்பு போதாது; மொழியும் வாழ்க்கைமுறையும் இணைந்த தழுவல் தேவைப்படுகிறது. ஜெர்மன் மொழித் தழுவல் சந்திக்கும் சிக்கல்களை ஒப்புநோக்கி, தமிழில் இத்தகைய வினாநிரலை அமைக்கும்போது எழும் சொற்பொருள், எதிர்மறைத் தொடர், இரட்டை வழக்கு, வாழ்விடம் ஆகியவை சார்ந்த சிக்கல்களை இக்கட்டுரை விளக்குகிறது. திருச்சிராப்பள்ளியின் கைலாசபுரமும் திருவரங்கமும் சான்றுச் சூழல்களாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வினாநிரல், தழுவல், மீள்மொழிபெயர்ப்பு, மூட்டுநோய், உடற்பயிற்சித் தடை, இரட்டை வழக்கு, இளிவரல்.

முன்னுரை

மூட்டுத் தேய்மானமாயினும் முடக்குவாதமாயினும், மருந்தோடு உடலியக்கமும் சிகிச்சையின் பகுதி என்பது இன்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட கருத்தாகும். ஆயினும் பயிற்சியை அறிவுறுத்துவது எளிது. நோயாளர் அதனைத் தொடர்ந்து செய்வது அரிது. ஏன் செய்யவில்லை என்ற வினாவிற்கு விடை காண்பதற்கே தடைகளை அளக்கும் வினாநிரல்கள் தோன்றின.

வினாநிரல் ஒரு மொழிப் பனுவல். அதில் இடம்பெறும் ஒவ்வொரு தொடரும் நோயாளரின் மனத்தில் ஒரு பொருளைத் தோற்றுவித்து, அப்பொருளுக்கு அவர் தரும் விடை எண்ணாக மாற்றப்படுகிறது. தொடர் பிழையாக விளங்கிக்கொள்ளப்பட்டால் எண்ணும் பிழையாகும். பிழையான எண், 'இந்நோயாளருக்கு ஆர்வமில்லை' என்ற முடிவிற்கு மருத்துவரை இட்டுச் செல்லக்கூடும். எனவே இது மருத்துவத் துறைக்கு மட்டும் உரிய சிக்கலன்று; மொழியாய்வாளரின் பங்களிப்பை வேண்டி நிற்கும் சிக்கலுமாகும்.

1. அளவுகோல்களின் தோற்றம்

உடற்பயிற்சியின் நன்மைகளையும் தடைகளையும் அளக்கும் கருவிகளுள் பரவலாக அறியப்பட்டது 1987இல் செக்ரிஸ்ட், வாக்கர், பெண்டர் ஆகியோர் வெளியிட்ட வினாநிரலாகும். 43 கூற்றுகள் கொண்ட இதில் 29 கூற்றுகள் நன்மைகளையும் 14 கூற்றுகள் தடைகளையும் குறிக்கின்றன. ஒவ்வொரு கூற்றிற்கும் நான்கு நிலை விடைகள் உண்டு. நடுநிலை விடைக்கு இடமில்லை. தடைக்கூற்றுகள் பயிற்சிச் சூழல், காலச் செலவு, உடல் வருத்தம், குடும்பத்தின் ஊக்கமின்மை என நான்கு கூறுகளாகப் பகுக்கப்படுகின்றன. தடைப் பகுதியின் மதிப்பெண் 14 முதல் 56 வரை அமையும்.

இது பொதுமக்களுக்கென அமைந்த கருவி. அழற்சி மூட்டுநோயாளருக்கென்றே பத்து வினாக்கள் கொண்ட 'ஐஃபாப்' என்னும் வினாநிரல் 2020இல் வெளியிடப்பட்டது. முடக்குவாதம், முதுகுத்தண்டு அழற்சி, தடிப்புத்தோல் நோயைச் சார்ந்த மூட்டழற்சி ஆகிய நோய்களுக்கு உரிய இக்கருவி, தடைகளையும் துணைக்காரணிகளையும் ஒருசேர அளக்க முற்படுகிறது. வலி ஒருவரைப் பயிற்சியிலிருந்து விலக்கலாம். அதே வலி மற்றொருவரைப் பயிற்சியின்பால் தள்ளவும் செய்யலாம் என்னும் புரிதல் இதன் அடிப்படையாகும்.

2. மொழிபெயர்ப்பும் தழுவலும்

தொல்காப்பிய மரபியல் நூல்களை முதல்நூல், வழிநூல் எனப் பகுத்து, வழிநூலின் நால்வகைகளுள் ஒன்றாக மொழிபெயர்ப்பையும் வைக்கிறது. மொழிபெயர்த்தலோடு நெறிப்பட அமைத்தலையும் அது சேர்த்தே சொல்வது இங்குக் கருதத்தக்கது. பெயர்த்தல் ஒரு செயல். பெயர்த்ததைப் புதிய மொழியின் நெறிக்கு ஏற்ப அமைத்தல் மற்றொரு செயல். இன்றைய வினாநிரல் தழுவல் முறையியலும் இவ்விரண்டையும் வேறுபடுத்தியே பார்க்கிறது.

2000இல் பீட்டன், பாம்பார்டியர், கில்லமின், ஃபெராஸ் ஆகியோர் வகுத்த நெறிமுறை ஆறு படிகளைக் கொண்டது. முதற்படியில் இருவர் தனித்தனியே மொழிபெயர்க்கின்றனர்; ஒருவர் துறை அறிந்தவர், மற்றவர் துறை அறியாதவர். இரண்டாம் படியில் இரு பெயர்ப்புகளும் இணைக்கப்படுகின்றன. மூன்றாம் படியில், மூலத்தைப் பாராத இருவர் அதனை மீண்டும் மூலமொழிக்கு மாற்றுகின்றனர். நான்காம் படியில் வல்லுநர் குழு அனைத்தையும் ஒப்பிட்டு முன்வடிவத்தை முடிவு செய்கிறது. ஐந்தாம் படியில் 30 முதல் 40 பேரிடம் முன்சோதனை நடைபெறுகிறது. ஆறாம் படியில் எல்லா ஆவணங்களும் மூலக்கருவியை உருவாக்கியோரிடமோ பொறுப்புக்குழுவிடமோ அளிக்கப்படுகின்றன.

துறை அறியாத மொழிபெயர்ப்பாளரை முதற்படியில் சேர்ப்பதன் நோக்கம் தெளிவானது. மருத்துவம் அறிந்தவர் கலைச்சொல்லை நாடுவார். மற்றவர் மக்கள் வழங்கும் சொல்லைத் தருவார். இவ்விரண்டிற்கும் இடையே தோன்றும் வேறுபாடே சிக்கலான கூற்று எது என்பதை முதலில் காட்டிக்கொடுக்கிறது.

3. ஜெர்மன் மொழித் தழுவல் தரும் படிப்பினை

ஜெர்மன், ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் வழங்கும் மொழி. மிதிவண்டியை ஜெர்மனியில் 'ஃபாராட்' என்பர். சுவிட்சர்லாந்தில் 'வேலோ' என்பர். மருத்துவமனைக்கு ஜெர்மனியில் 'கிராங்கன்ஹவுஸ்' என்பதும் மற்ற இரு நாடுகளில் 'ஷ்பிட்டால்' என்பதும் பெருவழக்கு. எனவே மூன்று நாட்டு நோயாளருக்கும் பொதுவான வடிவம் வேண்டுமெனில் ஒரு நாட்டிற்கே உரிய சொற்களைத் தவிர்க்க வேண்டும்.

இதனினும் ஆழமான சிக்கல் 'உடற்பயிற்சி' என்னும் கருத்தைச் சார்ந்தது. ஜெர்மனில் 'ஸ்போர்ட்' என்ற சொல் விளையாட்டையும் முனைப்பான பயிற்சியையும் நினைவூட்டும். 'பெவேகுங்' என்பது அசைவு, இயக்கம் என்னும் விரிந்த பொருளுடையது. 'நான் ஸ்போர்ட் செய்வதில்லை' என்று கூறும் முதியவர் நாள்தோறும் நெடுந்தொலைவு நடப்பவராக இருக்கலாம். எச்சொல்லைத் தேர்ந்தெடுப்பது என்பதைப் பொறுத்து விடை மாறும்.

நிறுவனச் சூழலும் வேறுபடுகிறது. ஜெர்மனியில் வாதநோயாளருக்கான குழுப்பயிற்சியை மருத்துவர் எழுதித் தரலாம். சட்டவழிக் காப்பீடு அதன் செலவை ஏற்கும். 1970இல் தொடங்கப்பட்ட ஜெர்மன் ருமா லீகா என்னும் அமைப்பு இத்தகைய பயிற்சிகளை நடத்துகிறது. அங்குப் பயிற்சிச் செலவைப் பற்றிய கூற்று ஒரு பொருளைத் தரும். ஒவ்வொரு அமர்விற்கும் கையிலிருந்து பணம் கொடுக்கும் நோயாளரிடம் அதே கூற்று வேறொரு பொருளைத் தரும்.

ஜெர்மன் எதிர்கொள்ளும் நாட்டு வேறுபாட்டைத் தமிழும் எதிர்கொள்கிறது. தமிழ்நாட்டில் 'மருத்துவமனை' எனப்படுவது இலங்கையில் 'வைத்தியசாலை'. 'உடற்பயிற்சி'க்கு அங்குத் 'தேகாப்பியாசம்' என்னும் சொல்லும் வழங்குகிறது. யாழ்ப்பாணத்தார் 'கால் நோகுது' என்பதைத் திருச்சிராப்பள்ளியார் 'கால் வலிக்குது' என்பர். சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் வாழும் ஈழத்தமிழருள் முதிய நோயாளர் ஒருவருக்கு ஜெர்மன் வினாநிரலை நீட்டுவதும் தமிழ்நாட்டு வடிவத்தை நீட்டுவதும் இருவேறு வகையில் குறையுடைய செயல்களே.

4. இந்திய முன்னனுபவங்கள்

உலக நலவாழ்வு நிறுவனம் வாழ்க்கைத்தர வினாநிரலை உருவாக்கியபோது, ஒரு மொழியில் எழுதிப் பிற மொழிகளுக்குப் பெயர்க்கும் வழக்கமான முறையைக் கைக்கொள்ளாமல், பல பண்பாட்டு மையங்களில் ஒரே காலத்தில் பணியைத் தொடங்கியது. தொடக்கத்தில் பங்கேற்ற 15 மையங்களுள் சென்னையும் புதுதில்லியும் அடங்கும். இதனால் தமிழ் அக்கருவியின் உருவாக்கத்திலேயே பங்குகொண்ட மொழியாயிற்று.

மூட்டுநோய்த் துறையில் 1980இல் ஸ்டான்ஃபோர்டில் ஃபிரைஸ் குழுவினர் வெளியிட்ட செயல்திறன் வினாநிரல் குறிப்பிடத்தக்கது. எட்டுப் பிரிவுகளில் 20 வினாக்கள் கொண்ட அதில் இறைச்சியை வெட்டுதல், தொட்டியில் குளித்தல் போன்ற செயல்கள் இடம்பெறுகின்றன. வாளியில் நீர் மொண்டு குளிக்கும் மரக்கறி உணவினருக்கு இவை பொருந்தா. முடக்குவாத நோயாளருக்கென 2002இல் வெளியான அதன் இந்திய வடிவம், கழிப்பறையில் குந்தி அமர்தல், தரையில் சம்மணமிட்டு அமர்ந்து எழுதல் போன்ற செயல்களை ஏற்றுக்கொண்டது. மூட்டுத் தேய்மானத்திற்கெனக் கனடாவில் உருவான, 24 வினாக்கள் கொண்ட வோமாக் கருவியிலும் காலுறை அணிதல் பற்றிய வினா உண்டு. ஆண்டு முழுவதும் காலுறை அணியாத ஒருவர் 'சிரமமில்லை' என விடையளித்தால், இல்லாத திறன் இருப்பதாகப் பதிவாகும்.

5. தமிழில் சொல் தேர்வு

5.1 உடற்பயிற்சி: இச்சொல் தமிழ்நாட்டுப் பேச்சில் இளைஞரின் தண்டால், பளுதூக்குதல், உடற்பயிற்சிக் கூடம் ஆகியவற்றை நினைவூட்டுகிறது. பள்ளியின் உடற்பயிற்சி வகுப்பும் அந்நினைவில் அடங்கும். அறுபது வயதுப் பெண்மணி ஒருவரிடம் 'உடற்பயிற்சி செய்கிறீர்களா?' என்று வினவினால் 'இந்த வயதிலா?' என்ற எதிர்வினா எழலாம். 'நடைப்பயிற்சி', 'மருத்துவர் சொல்லித் தந்த கைகால் பயிற்சி' என்று விரித்துக் கூறினால் விடை வேறாகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் நீரிழிவு ஆய்வு, தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில் 54.4 விழுக்காட்டினர் போதிய உடலியக்கம் அற்றவர் என 2014இல் வெளியிட்டது. பொழுதுபோக்கு வகையிலான உடலியக்கத்தில் ஈடுபடுவோர் பத்து விழுக்காட்டினும் குறைவே. எனவே 'ஓய்வுநேர உடற்பயிற்சி' என்ற மேலைக் கருத்தை மட்டும் அளவாகக் கொண்டால், வீட்டு வேலையாலும் தொழிலாலும் வழிபாட்டாலும் இயங்கும் உடல்கள் கணக்கில் வாரா. வினாநிரலின் தொடக்கத்திலேயே எது உடற்பயிற்சி என்பதற்கு எளிய விளக்கம் இடம்பெற வேண்டும்.

5.2 தடை: 'தடை' என்னும் சொல் யாரோ விதித்த விலக்கு என்ற பொருளையும் தரும். 'உங்களுக்கு என்ன தடை?' என்ற வினா 'யார் தடுக்கிறார்கள்?' என்று ஒலிக்கக்கூடும். குடும்பத்தாரைக் குறைகூற விரும்பாதவர் 'ஒரு தடையும் இல்லை' என்று முடித்துவிடுவார். ஆய்வேட்டில் 'தடை' கலைச்சொல்லாக நிற்கலாம். வினாநிரலில் 'செய்யவிடாமல் சிரமப்படுத்துவது எது?' என்பதே ஏற்றது.

5.3 சோர்வு: களைப்பு, அசதி, சோர்வு, அலுப்பு ஆகியவை அகராதியில் நெருங்கிய சொற்கள். வழக்கில் களைப்பு உழைத்தபின் வருவது, ஓய்வெடுத்தால் தீரும். அசதி காரணமின்றியும் வரும். சோர்வு மனத்தையும் சேர்த்தே குறிக்கும். அழற்சி மூட்டுநோயில் காணப்படும் ஓய்விலும் தீராத தளர்ச்சிக்குக் 'களைப்பு' என்று எழுதினால், உழைக்காதவர் அதனை மறுத்துவிடுவார். வலிக்கும் இவ்வாறே குடைச்சல், குத்தல், கடுப்பு, உளைச்சல் எனத் தனித்தனிச் சொற்கள் உள. அவற்றுள் எதனை நோயாளர் தம் மூட்டிற்கு உரியதாகக் கொள்கிறார் என்பது முன்சோதனையில் கேட்டறிய வேண்டியது.

5.4 கூச்சம்: பிறர் பார்வைக்கு அஞ்சிப் பயிற்சியைத் தவிர்த்தல் மேலை வினாநிரல்களில் பெரும்பாலும் உடையையும் உடல் தோற்றத்தையும் சார்ந்து கேட்கப்படுகிறது. தமிழில் வெட்கம், நாணம், கூச்சம் என்னும் சொற்கள் இளமையையும் பெண்மையையும் சுட்டி நிற்கும். நோயுற்ற முதியவரின் உணர்வு அதுவன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இளிவரல் என்னும் மெய்ப்பாட்டிற்கு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. நொண்டி நடப்பதைத் தெருவார் பார்ப்பரே என்று வெளியே வரத் தயங்கும் மூட்டுநோயாளரிடம் இந்நான்கும் ஒருங்கே அமைகின்றன. இளிவரல் என்ற சொல்லை வினாநிரலில் எழுத இயலாது. ஆயினும் எக்கருத்தைத் தேட வேண்டும் என்பதை அது வல்லுநர் குழுவிற்குக் காட்டும். 'நான் நடப்பதைப் பிறர் பார்த்தால் எனக்குக் குறைவாகத் தோன்றுகிறது' என்பது போன்ற எளிய தொடர் அக்கருத்தை நெருங்கும்.

6. எதிர்மறைத் தொடரும் இரட்டை வழக்கும்

1987ஆம் ஆண்டு வினாநிரலில் குடும்பத்தின் ஊக்கமின்மை என்னும் கூறு இரண்டே கூற்றுகளைக் கொண்டது: ஒன்று வாழ்க்கைத்துணையைப் பற்றியது, மற்றது குடும்பத்தாரைப் பற்றியது. இரண்டும் எதிர்மறை வடிவின. 'என் கணவர் ஊக்கப்படுத்துவதில்லை' என்ற கூற்றை வாசித்தபின் நோயாளர் 'இல்லை' என்கிறார் எனக் கொள்வோம். 'இல்லை, அவர் ஊக்கப்படுத்துகிறார்' என்பதும் அதன் பொருளாகலாம். 'ஆம், ஊக்கப்படுத்துவதில்லை' என்பதும் ஆகலாம். தமிழில் 'இல்லை' எதிர்மறையை வழிமொழியவும் மறுக்கவும் பயன்படுவதால் இம்மயக்கம் நேர்கிறது. எழுத்தறிந்தோர் தாமே குறியிடும்போது மயக்கம் குறையும்; ஆய்வாளர் வாசித்து விடை பெறும்போது மிகும். இரு கூற்றுகளும் ஒரே திசையில் பிறழ்ந்தால் அக்கூறு முழுவதும் தலைகீழாகும்.

'தடுக்கிறார்' என்று மாற்றினால் மயக்கம் நீங்கும். ஆனால் பொருளும் மாறும். ஊக்கப்படுத்தாமை தடுத்தலாகாது. 'ஊக்கப்படுத்தாமல் இருந்துவிடுகிறார்' என எதிர்மறையை வினையெச்சத்தில் அமைத்து, முற்றை உடன்பாடாக வைப்பது ஒரு வழி. அப்போது 'ஆமாம்' என்ற விடை ஐயமின்றி நிற்கும். துணையை இழந்தோர்க்கு இக்கூற்று பொருந்தாது என்பதையும் கருத வேண்டும். மகனோடும் மருமகளோடும் வாழும் கைம்பெண்ணுக்கு 'வீட்டிலிருப்பவர்கள்' என்பதே பொருத்தமான சொல்.

எழுத்துவழக்கும் பேச்சுவழக்கும் விலகி நிற்பதால் மற்றொரு சிக்கல் தோன்றுகிறது. அச்சிட்ட வடிவம் எழுத்துத் தமிழில் அமையும். வாசித்துக் காட்டும் ஒவ்வொருவரும் தத்தம் பேச்சுத் தமிழில் அதனை மாற்றிச் சொல்வர். அச்சில் ஒரே வினாநிரல். செவியில் பல வினாநிரல்கள். எழுத்து வடிவத்தோடு, வாசிப்பதற்கென எளிய பேச்சு வடிவம் ஒன்றையும் வல்லுநர் குழுவே முடிவு செய்து அளித்தால் இவ்வேறுபாடு குறையும்.

விடைநிலைகளும் எளிமை வேண்டுவன. 'பெரிதும் உடன்படுகிறேன்', 'ஓரளவு உடன்படுகிறேன்' என்ற தொடர்களைக் கையாண்டு பழகாதவருக்கு அவை அயலானவை. முதியோர் அளவைக் கால்வாசி, அரைவாசி, முக்கால்வாசி என்று இயல்பாகச் சொல்வர். எத்தனை நாள் என்று கேட்கும் வினாக்களுக்கு இவ்வழக்கு பொருந்தும். உடன்பாட்டை அளக்கும் வினாக்களுக்கு இதனை அப்படியே பொருத்த இயலாது. பொருத்தினால் அளவுகோலின் தன்மையே மாறிவிடும்.

7. வாழ்விடம்: கைலாசபுரமும் திருவரங்கமும்

பயிற்சிச் சூழல் பற்றிய கூற்றுகள் இடத்தைச் சார்ந்தவை. திருவெறும்பூரை அடுத்த கைலாசபுரம், 1960களில் உருவான பாரத மிகுமின் நிறுவனக் கொதிகலன் ஆலையின் குடியிருப்பு. திட்டமிட்ட சாலைகளும் மரநிழலும் கொண்ட இங்கு 'பயிற்சிக்குரிய இடம் தொலைவில் உள்ளது' என்ற கூற்றிற்கு உடன்பாடு எதிர்பார்க்கத்தக்கதன்று. முறைவேலையால் நேரம் மாறுவதே பெரிய இடர்ப்பாடாக இருக்கலாம். பணியாளர் ஓய்வுபெறும்போது நிறுவன வீட்டைத் திரும்ப ஒப்படைத்து வேறிடம் செல்வது இத்தகைய குடியிருப்புகளின் வழக்கம். மூட்டுத் தேய்மானம் மிகும் வயதிலேயே நடப்பதற்குரிய சாலையும் கைவிட்டுப் போகிறது. நோய் மாறாவிடினும் தடை மாறுகிறது என்பதை வினாநிரல் பதிவு செய்ய வேண்டுமெனில், வாழ்விட மாற்றத்தைத் தனி வினாவாகக் கேட்க வேண்டும்.

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே அமைந்த திருவரங்கத்தின் நிலை வேறு. ஏழு திருச்சுற்றுகள் கொண்ட கோயிலின் புறச்சுற்றுகளாகிய உத்தர வீதி, சித்திரை வீதி முதலியவை மக்கள் வாழும் தெருக்கள். இவ்வீதிகளை வலம்வருவதை நாள்வழக்கமாகக் கொண்டவர் அதனை வழிபாடாகவே கருதுவார். 'உடற்பயிற்சி செய்வதில்லை' என்றே விடையளிப்பார். அவர்தம் தடைகளாகக் கருதத்தக்கவை வேறு: வெயிலேறிய கல்தளத்தில் வெறுங்காலோடு நடத்தல், உயர்ந்த வாயிற்படி, திருவிழா நெரிசல். ஐரோப்பிய நோயாளர் குளிரையும் ஈரத்தையும் நினைக்கும் இடத்தில் திருச்சிராப்பள்ளி நோயாளர் கோடை வெயிலை நினைப்பார். 'வானிலை' என்ற பொதுச்சொல்லை விடுத்து, வெயில், மழை, மார்கழிப் பனி எனப் பிரித்துக் கேட்பதே தெளிவு தரும்.

8. அளவியல் சோதனையின் எல்லை

தழுவிய வடிவத்திற்கு நம்பகத்தன்மையும் ஏற்புடைமையும் சோதிக்கப்படுகின்றன. கூற்றுகளின் உள்ளிசைவைக் குரோன்பாக் 1951இல் அளித்த ஆல்ஃபா கெழு காட்டுகிறது. ஏறத்தாழ இரு வார இடைவெளியில் அதே நோயாளரிடம் மீண்டும் விடை பெற்று நிலைத்தன்மை அறியப்படுகிறது. காரணிப் பகுப்பாய்விற்குக் கூற்றுகளின் எண்ணிக்கையைப்போல் ஏழு மடங்கினரும், குறைந்தது 100 பேரும் வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரையறை.

இவ்வெண்கள் காட்டாத ஒன்று உண்டு. எல்லா நோயாளரும் ஒரு தொடரை ஒரே வகையில் பிழையாக விளங்கிக்கொண்டால் உள்ளிசைவு உயர்ந்தே நிற்கும். மறுசோதனையும் அதனை உறுதிப்படுத்தும். மீள்மொழிபெயர்ப்பும் முழுக் காப்பன்று. 'தடை' என்பதை மீண்டும் பெயர்ப்பவர் மூலச்சொல்லையே எட்டிவிடுவார். ஆனால் நோயாளரின் செவியில் அது விலக்காகவே ஒலித்திருக்கும். இப்பிழையை வெளிக்கொணரக்கூடியது முன்சோதனையில் நடைபெறும் உரையாடலே. ஒவ்வொரு கூற்றையும் வாசித்தபின் 'இதை நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள்? உங்கள் சொற்களில் சொல்லுங்கள்' என்று கேட்டு, விடையைச் சொல் மாறாமல் பதிவு செய்தல் வேண்டும். 30 பேரிடம் இவ்வாறு பெறும் பதிவு, வினாநிரல் முழுமைபெறத் துணையாவதோடு, நோய்சார் தமிழ் வழக்காற்றுக்கான தரவாகவும் நிலைக்கும்.

முடிவுரை

மேற்கண்ட விளக்கத்தால் பின்வருவன பெறப்படுகின்றன:

• உடற்பயிற்சி, தடை, சோர்வு, கூச்சம் ஆகிய அடிப்படைச் சொற்கள் தமிழில் மூலக்கருத்தோடு முழுதும் ஒத்துச் செல்வதில்லை. விளக்கத்தோடும் எளிய தொடரோடும் அவற்றை அமைக்க வேண்டும்.
• எதிர்மறைக் கூற்றுகள் 'இல்லை' என்ற விடையால் மயக்கம் தருவதால், பொருள் மாறாமல் உடன்பாட்டு முற்றுடன் அமைத்தல் நன்று.
• எழுத்து வடிவத்தோடு வாசிப்பிற்குரிய பேச்சு வடிவமும் தரப்படுத்தப்பட வேண்டும்.
• வாழ்விடம், பருவநிலை, வழிபாட்டு நடை ஆகியவற்றைக் கருதாத கருவி, இயங்கும் நோயாளரையும் இயங்காதவராகக் காட்டக்கூடும்.
• ஆல்ஃபா கெழு போன்ற எண்கள் பொருட்பிழையைக் காட்டா. முன்சோதனை உரையாடல் இன்றியமையாதது.

வல்லுநர் குழுவில் முறையியலார், மருத்துவத் துறையினர், மொழிபெயர்ப்பாளர் ஆகியோரோடு மொழி வல்லுநரும் இடம்பெற வேண்டும் என்று பீட்டன் குழுவினரின் நெறிமுறையே வலியுறுத்துகிறது. தமிழ்த்துறைகள் அவ்விடத்தை ஏற்க முன்வருமாயின், உத்தர வீதியை நாள்தோறும் சுற்றிவரும் மூதாட்டியை 'ஆர்வமற்றவர்' என்று பதியும் நிலை தவிர்க்கப்படும்.